அழகா, உழைப்பா?

பழைய கார் சேகரிப்போரிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. 1961-இல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்த இங்கிலாந்தின் ஜாகுவார் ஈ-டைப் உயர்ந்ததா? 1963-இல் அதே ஜெனீவாவுக்கு வந்த ஜெர்மனியின் மெர்சிடிஸ் 230 எஸ்.எல். உயர்ந்ததா?

ஈ-டைப்பை வடிவமைத்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். கம்பெனி கணக்குப்படி 265 குதிரைசக்தி. மெர்சிடிஸுக்கு 150தான். வேகமும் அழகும் ஜாகுவாருக்கே, மறுப்பதற்கில்லை.

ஆனால் ரயில்வேயில் பழுது பார்த்தே தலை நரைத்தவன் நான். "ஸ்பானர் எட்டுமா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஈ-டைப்பின் பின் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை; நடுவே டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சக்கரத்தின் பாரம் குறைவதால் ஓட்டம் சுகம்; நல்ல யோசனைதான். ஆனால் டிஸ்க்கை மாற்றப் பெரும்பாலும் பின்புற சஸ்பென்ஷனையே இறக்க வேண்டும்!

மெர்சிடிஸின் கழற்றி மாட்டும் கூரை நடுவில் பள்ளமாயிருப்பது வெறும் அலங்காரமல்ல. ஓரங்கள் உயர்ந்திருப்பதால் ஏறி இறங்க வசதி, கூரைக்கும் உறுதி. மோதினால் முன்னும் பின்னும் நசுங்கி, ஆள் உட்காரும் கூண்டைக் காக்கும். அதன் எரிபொருள் பம்ப்புக்கு மட்டும் கைதேர்ந்தவர் தேவை. அந்த வகையில் ஜாகுவாரின் கார்புரேட்டர் எளிது.

என் வாக்கு மெர்சிடிஸுக்கே. எதை வாங்கினாலும் அது ஓட வேண்டும். ஷெட்டில் துணி போர்த்தி நிற்பது வண்டியல்ல, பொம்மை. கையில் கிரீஸ் படக் கூசுபவர் படம் வாங்கி மாட்டிக்கொள்ளட்டும்.

நண்பர்கள் மறுத்து எழுதினால் மகிழ்வேன்.