மார்ச் 31-ம் 511 குதிரையும்

டிஸ்கி: நான் வெறும் பி.காம். ஆனால் இருபது வருஷமாக அடுத்தவர்களுடைய பிராஜெக்ட் ரிப்போர்ட்டைப் படித்துச் சாப்பிடுகிறவன். கணக்கு எங்காவது இடித்தால் மூக்கில் வேர்த்துவிடும். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன். மெக்கானிகல் படித்த அன்பர்கள் மன்னிக்க.

தங்கமணியின் தம்பி டெட்ராய்ட் பக்கம் இருக்கிறான். அங்கே நம்மாட்கள் வீடு வாங்கியதும் பேஸ்மென்டில் கேரம்போர்டு போடுவார்கள். இவன் கராஜில் 1972 மாடல் செவர்லே செவெல் ஒன்றை நிறுத்தினான். இரண்டு கதவு, நீள மூக்கு, ஒன்றரை டன் இரும்பு. 350 கன அங்குல வி-8, அதாவது 5.7 லிட்டர். அத்தனை பெரிய எஞ்சினுக்கு அந்த வருஷ விவரப்புத்தகத்தில் போட்டிருந்தது 175 குதிரைதான். அது ஒரு பழைய கணக்குக் கதை. 1971 வரை அமெரிக்கக் கம்பெனிகள் ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் எல்லாம் கழற்றிய எஞ்சினை அளந்து 'கிராஸ்' குதிரைசக்தி என்று விளம்பரம் செய்தார்கள். 1972-ல் எல்லாம் மாட்டிய 'நெட்' கணக்குக்கு மாறினார்கள். 1971 செவெலின் 454 எஞ்சின் கிராஸில் 365, நெட்டில் 285. அதே எஞ்சின், அதே வருஷம். பாலன்ஸ் ஷீட் ஜோடனை வங்கிக்காரன் மட்டும் செய்வதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

மச்சினன் அந்த 350-ஐப் பிரித்தான். சிலிண்டரை முப்பது தவ் கடைந்து, 3.75 அங்குல ஸ்ட்ரோக் கிராங்க் போட்டு 383 ஆக்கினான். இதுவரை சரியான காரியம். அலுமினிய ஹெட், 11-க்கு 1 கம்ப்ரஷன், டர்போவும் கிடையாது சூப்பர்சார்ஜரும் கிடையாது. தானே மூச்சிழுக்கும் எஞ்சின். செலவு 14,000 டாலர், நம்ம காசுக்குப் பதினோரு லட்சத்துக்கு மேலே. 2023 கோடையில் நாங்கள் போனபோது பெட்டியைக்கூட இறக்கவில்லை, டைனோ ஷீட்டை நீட்டினான்.

"அத்தான், 511!"

அன்று சாயங்காலமே உட்வர்ட் அவென்யூவில் ஒரு ரவுண்டு. முன்னால் நான், பின்னால் மாமியார். சிக்னலில் நின்றால் 'தட... தட... தட' என்று வண்டி மொத்தமும் குலுங்கும். பக்கத்துக் கார்க்காரர்கள் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். பையனுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். டிராஃபிக் ஊர ஆரம்பித்தது. ஒரு தடவை பிரேக், இரண்டாவது தடவை பிரேக். மூன்றாவது தடவை பெடல் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வண்டியோ ஆட்டோமேட்டிக், ஐடிலிங்கே ஆயிரத்துக்கு மேல், தானாக முன்னால் தள்ளுகிறது. எதிரே குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா ரோட்டைக் கடக்கிறாள். இரண்டு காலாலும் ஏறி மிதித்து நிறுத்தினான். கோட்டைத் தாண்டி நாலடி. மாமியார் வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே பெரிய விஷயம் என்பது வேறு.

ராத்திரி அவன் மனைவி என்னிடம் வந்து, "அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. இப்ப சூப்பர்சார்ஜர் வேணுமாம். பாப்பா காலேஜுக்குப் போட்ட கணக்குல இருந்து எட்டாயிரம் எடுக்கணுங்கறார்" என்றாள்.

ஆக ஒரு லோன் புரொபோசல் என் டேபிளுக்கு வந்துவிட்டது. டைனோ ஷீட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

511 குதிரை எங்கே வருகிறது? 6,600 ஆர்பிஎம்மில். இவன் அந்த வேகத்துக்கு வருஷத்தில் எத்தனை நிமிஷம் போவான்? வண்டி நாள் முழுக்க இருப்பது 1,500-க்கும் 3,500-க்கும் நடுவில். குதிரைசக்தி என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 5,252-ஆல் வகுப்பது (டார்க் பவுண்டு-அடியில்). ஷீட்டில் 2,500-க்கு நேரே டார்க் 290. பெருக்கி வகுத்தால் 138 குதிரை. பதினாலாயிரம் டாலர் போட்டு, ரோட்டில் கையில் கிடைப்பது 138!

"மாப்ளே, இது மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி டெபாசிட் ஃபிகர். ஆவரேஜ் பேலன்ஸ் எங்கே?" என்றேன்.

வங்கியில் இருப்பவர்களுக்கு இது புரியும். மார்ச் கடைசி வாரம் கைகாலில் விழுந்து பெரிய டெபாசிட்டைக் கொண்டுவந்து காட்டுவோம், ஏப்ரல் 2-ம் தேதி அது கிளம்பிப் போய்விடும். அந்த ஒருநாள் எண்ணை வைத்து யாரும் கிளை நடத்த முடியாது.

தப்பு எங்கே என்றால் கேம்ஷாஃப்டில். தானே மூச்சிழுக்கும் எஞ்சினுக்குக் காற்றை உள்ளே தள்ளுவது வெளியே இருக்கும் வாயுமண்டலம் மட்டும்தான். கடல் மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்குமேல் ஒரு பைசா கடன் கிடைக்காது. சக்தி கூட வேண்டுமா, வழி மூன்றே. வயிற்றைப் பெரிதாக்கு, ஒவ்வொரு மூச்சும் நன்றாக நிரம்பச் செய், அல்லது வேகமாக மூச்சு விடு. மூன்றாவது வழிக்கு வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் வேண்டும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் கூடும். ஆறாயிரத்தில் அது நல்லது. ஐடிலிங்கில் புகை திரும்ப உள்ளே வரும், வேக்குவம் விழும். அந்த வேக்குவத்தில்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. ஊர்ந்து ஊர்ந்து மூன்று தடவை மிதித்தால் இருப்பு காலி. அந்தத் 'தட தட' சத்தம்தான் ஊரே கட்டைவிரல் காட்டும் சத்தம். பிரேக்கை விழுங்கியதும் அதே சத்தம்தான்.

"எலெக்ட்ரிக் வேக்குவம் பம்ப் ஒண்ணு மாட்டிரலாம் அத்தான்."

மாட்டலாம், பலர் மாட்டுகிறார்கள். ஆனால் அது வாராக்கடனுக்குப் புரொவிஷன் போடுகிற மாதிரி. கடன் கொடுத்த முடிவு தப்பு என்பது அப்படியேதான் இருக்கும்.

சூப்பர்சார்ஜருக்கு நான் எதிரி இல்லை. அது கடன் மூலதனம். நல்ல காலத்தில் லாபத்தைப் பெருக்கும், நாக்கிங் வந்தால் நஷ்டத்தையும் அதே வேகத்தில் பெருக்கி பிஸ்டனில் ஓட்டை போடும். 11 கம்ப்ரஷனில் அதை அப்படியே வைக்கவும் முடியாது, பிஸ்டனை மாற்றிக் குறைக்க வேண்டும். அந்தச் செலவு இவன் எக்ஸெல் ஷீட்டில் எந்த வரியிலும் இல்லை.

என் கட்சி இதுதான்: ரோட்டில் ஓட்டும் வண்டிக்குத் தானே மூச்சிழுக்கும் எஞ்சின்தான் அழகு, ஆனால் அதைக் கொள்ளளவிலும் ஹெட்டிலும் கட்ட வேண்டும், கேமில் கட்டக்கூடாது. கம்பெனிக்காரனே காட்டியிருக்கிறான். 2006 கார்வெட் இசட்06-ன் 7 லிட்டர் எல்எஸ்7, டர்போ இல்லாமல் 505 குதிரை, வாரண்டியோடு ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம். 2021-ல் செவர்லே அறிவித்த 632 கன அங்குல எஞ்சின் 1,004 குதிரை, அதுவும் பங்க் பெட்ரோலில். இரண்டிலுமே முதலில் வயிறு, பிறகுதான் வேகம். இவன் 383-ல் 511 கேட்டது, சின்னக் கிளைக்கு மெட்ரோ டார்கெட் கொடுத்த மாதிரி.

(இங்கே புனேயில் என் பையனும் அவன் நண்பர்களும் இதையெல்லாம் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். நம் நாட்டில் அந்தப் பேச்சே கிடையாது ராசா. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.)

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் காபி டம்ளரோடு வந்து, "சின்ன கேம் போட்டா கம்ப்ரஷன் இடிக்கும் அத்தான், தெரியுமா?" என்றான். தெரியாது. சொல்லிக்கொடுத்தான். பெரிய கேம் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவதால் கீழ் வேகத்தில் அழுத்தம் கொஞ்சம் கசிந்துவிடும், அதனால்தான் 11 கம்ப்ரஷன் அங்கே 93 ஆக்டேன் பெட்ரோலில் தாங்கியது. (அவர்களுடைய 93 ஏறக்குறைய நம் 98, அளக்கும் முறை வேறு.) கேமைச் சின்னதாக்கினால் அழுத்தம் ஏறி நாக்கிங் வரும். ஆக பிஸ்டனும் மாற்றியாக வேண்டும். ஒரு எண்ணைத் தொட்டால் ஷீட் முழுக்க நகர்கிறது. பையன் விஷயம் தெரிந்தவன்தான், அந்த 511-தான் கண்ணை மறைத்திருந்தது.

2024 வசந்தத்தில் மாற்றினான். பிஸ்டன், கேம், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 3,200 டாலர், தன் போனஸிலிருந்து. பாப்பா கணக்கைத் தொடவில்லை. புது ஷீட்டை எனக்கு மட்டும் அனுப்பினான். உச்சம் 438 குதிரை. 2,500-ல் டார்க் 390, அதாவது 186 குதிரை. நண்பர்களிடம் இன்னும் 511 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான், நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

போன ஆகஸ்டில் உட்வர்ட் டிரீம் குரூஸ் நாளன்று வீடியோ கால். பின் சீட்டில் மாமியார், மடியில் முறுக்கு டப்பா. "இப்ப பிரேக் பிடிக்குதா அத்தை?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிடிக்குது. சத்தம்தான் முன்ன மாதிரி இல்ல" என்றார்.