நெரிசல் நேரத்தில் வீட்டுக்கு வீடு பங்கு: எங்கள் நிலைப்பாடு

திண்டுக்கல் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீட்டு இணைய இணைப்பு வைத்திருப்பவர்களின் சார்பில் எங்கள் நுகர்வோர் சங்கம் இந்த அறிக்கையை வெளியிடுகிறது. லைனில் நெரிசல் ஏற்படும் நேரத்தில், இருக்கிற பேண்ட்வித் அவரவர் பிளானுக்கு ஏற்ற விகிதத்தில் வீட்டுக்கு வீடு பிரிய வேண்டும். யார் எதைப் பார்க்கிறார், மாதத்தில் எத்தனை ஜி.பி. ஓட்டினார் என்பதை வைத்துப் பிரிக்கக் கூடாது.

எங்களுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். பகலில் நன்றாக ஓடும் நெட், இரவு எட்டு மணிக்குமேல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. சின்னாளபட்டியில் வீடியோ காலில் சேலையை விரித்துக் காட்டும் வியாபாரிக்கு, முந்தானை கட்டம் கட்டமாக உடைந்து, கரையின் நிறம்கூட மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாமல் போகிறது. அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பெரிய கேம் தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வீட்டிலும் ஒரே பிளான்தான் இருக்கும்.

ஃபைபர் இணைப்பில் தெருவுக்கு வரும் ஓர் இழை, கம்பத்தில் கட்டிய ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. ஜிபான் முறையில் அந்த இழையின் மொத்த டவுன்லோடு வேகம் சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். 64 வீடும் ஒரே நொடியில் முழுவீச்சில் இழுத்தால் வீட்டுக்கு 39 எம்.பி.பி.எஸ். கிடைக்கும். அப்படி எல்லாரும் சேர்ந்து இழுப்பதில்லை என்ற கணக்கில்தான் 100 எம்.பி.பி.எஸ். பிளானை விற்கிறார்கள். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. பங்கு பிரியும் விதத்தைத்தான் சொல்கிறோம். இணையத்தில் தரவைக் கொண்டுசெல்லும் டி.சி.பி. நெறிமுறை நெரிசலின்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும், அதாவது செயலி திறக்கும் ஒவ்வொரு தரவு இணைப்புக்கும், ஏறக்குறைய சமபங்கு தருகிறது. அது வீட்டை எண்ணுவதில்லை, ஓட்டங்களை எண்ணுகிறது. ஒரு செயலி இருபது ஓட்டங்களைத் திறந்தால் அந்த வீட்டுக்கு இருபது பங்கு. குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீட்டுக்குப் பக்கத்தில் குடத்தோடு காத்திருப்பவரின் நிலைதான் மற்றவர்களுக்கு. மோட்டார் வைப்பவர் தெரிந்தே வைக்கிறார். டவுன்லோடு போடுபவருக்கு இது தெரியவே தெரியாது. அவரைக் குற்றவாளியாக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம்.

இந்த நெரிசலுக்கு நிறுவனங்கள் காட்டும் வழி எஃப்.யு.பி. என்ற மாத வரம்பு. வரம்பு எவ்வளவு, அதைக் கடந்தால் வேகம் எவ்வளவு என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், 512 கே.பி.பி.எஸ்.ஸுக்குக் கீழே இறக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 அக்டோபரில் உத்தரவிட்டது. அது நல்ல உத்தரவு. ஆனால் நள்ளிரவில் லைன் காலியாகக் கிடந்தபோது இறக்கியவரை மாதக் கடைசியில் முடக்குவதால், மாலை நெரிசல் துளியும் குறையாது.

குறிப்பிட்ட செயலியை மட்டும் அமுக்குவதையும் எதிர்க்கிறோம். அமெரிக்காவில் காம்காஸ்ட் இணைய நிறுவனம் கோப்புப் பகிர்வுக்கான பிட்டோரண்ட் ஓட்டங்களை இடையில் வெட்டியது 2007இல் வெளிப்பட்டது. மறு ஆண்டே அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கண்டித்தது. பிறகு அந்நிறுவனம் எந்தச் செயலி என்று பாராமல், நெரிசல் உள்ள பகுதியில் அந்தச் சில நிமிடங்களில் மிகுதியாக இழுப்பவரின் முன்னுரிமையை மட்டும் குறைக்கும் முறைக்கு மாறியது. நெரிசல் தீர்ந்ததும் அவருக்குப் பழைய வேகம் திரும்பும். நாங்கள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். 2018இல் இந்தியா ஏற்ற இணையச் சமநிலை விதிகளும் நியாயமான நெரிசல் மேலாண்மைக்கு இடம் தருகின்றன.

மேலிருந்து பேண்ட்வித் வாங்கி விற்கும் சிறிய கேபிள் ஆபரேட்டர்களின் சிரமம் எங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு பங்கிடும் லிப்ரே கியூ.ஓ.எஸ். போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை ஓட்ட ஒரு கம்ப்யூட்டரும் பழகிய ஓர் ஆளும் வேண்டும். அந்தச் செலவுக்கு இணைப்புத் தரும் பெரிய நிறுவனம் கைகொடுக்க வேண்டும்.

நன்றாகப் பங்கிடுகிறோம் என்று சொல்லி லைனைப் பெரிதாக்காமல் விடவும் கூடாது. டிராயின் 2006ஆம் ஆண்டுத் தர விதிகள், உச்ச நேரத்தில் இணைப்புத்தடங்களின் பயன்பாடு 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 90ஐத் தாண்டினால் ஒரு மாதத்துக்குள் கூடுதல் பேண்ட்வித் சேர்க்க வேண்டும் என்றன. உச்ச நேரப் பயன்பாட்டையும், ஸ்ப்ளிட்டருக்கு எத்தனை வீடு என்பதையும் பகுதிவாரியாக மாதந்தோறும் வெளியிடும்படி எல்லா நிறுவனங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.

சந்தாதாரர்களே, மோடத்தில் நேரடியாக வயர் இணைத்து, காலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் வேகத்தை அளந்து எங்களிடம் தாருங்கள். வைஃபையில் அளந்ததை நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதால் நாங்களும் சேர்க்க மாட்டோம்.