'தி' விட்டுப்போனால் நீங்கள்தான் நோயாளி!

நண்பரை நலம் விசாரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறீர்கள். ஆபீஸுக்குத் தாமதமாகும் என்பதால், மேலதிகாரிக்கு 'ஐ ஆம் இன் ஹாஸ்பிட்டல்' என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறீர்கள். அடுத்த நிமிடமே போன்: "என்னாச்சு? எந்த வார்டு?"

குழப்பத்துக்குக் காரணம், விட்டுப்போன ஒரு குட்டி 'தி'. 'இன் ஹாஸ்பிட்டல்' என்றால், நோயாளியாக அட்மிட் ஆகியிருக்கிறேன் என்று அர்த்தம். பார்க்கப் போனவர், 'ஐ ஆம் அட் தி ஹாஸ்பிட்டல்' என்று சொல்ல வேண்டும்.

சூத்திரம் எளிது. ஓர் இடம் எதற்காக இருக்கிறதோ, அதற்காகவே போனால் 'தி' வேண்டாம். வேறு வேலையாகப் போனால் 'தி' வேண்டும்.

* மகள் படிக்கப் போகிறாள்: ஷி கோஸ் டு ஸ்கூல்.
* அம்மா ஃபீஸ் கட்டப் போனார்: ஷி வென்ட் டு தி ஸ்கூல்.
* திருடன் தண்டனை பெற்றான்: ஹி வென்ட் டு பிரிசன்.
* வக்கீல் அவனைப் பார்க்கப் போனார்: ஹி வென்ட் டு தி பிரிசன்.

கடைசி வாக்கியத்தில் 'தி'யை விட்டால், வக்கீலும் கைதியாகிவிடுவார்!

தமிழில் படிக்கப் போனாலும், ஃபீஸ் கட்டப் போனாலும் 'ஸ்கூலுக்குப் போறேன்'தான். அதனால்தான் இந்த வித்தியாசம் நமக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை.

கவனம்: பேங்க், போஸ்ட் ஆபீஸ் இரண்டுக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. எதற்காகப் போனாலும் 'டு தி பேங்க்', 'டு தி போஸ்ட் ஆபீஸ்'தான். அமெரிக்கர்களோ, நோயாளியாக இருந்தாலும் 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்பார்கள். மேலே சொன்னது பிரிட்டிஷ் வழக்கு.

இந்த வாரக் கேள்வி: தம்பி தூங்கப் போய்விட்டான். 'ஹி வென்ட் டு பெட்'டா, 'டு தி பெட்'டா? விடை அடுத்த வாரம்.