விளக்கு சொன்னது ஒன்று, பில் சொன்னது வேறு!

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, இனிப் பேச என்ன இருக்கிறது?" பெரிய கார் ஒர்க்‌ஷாப்புகளில் இன்று ஓதப்படும் மந்திரம் இது. கம்ப்யூட்டர் என்னதான் சொன்னது என்று கேட்டால் மட்டும் பதில் வராது!

நம் தோழர் ஒருவர், மில் மூடிய பிறகு கடன்பட்டுப் பழைய செடான் கார் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். குடும்பத்துக்குச் சோறு போடுவது அந்தக் கார்தான். ஒரு நாள் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் சொருகினார்கள். பி0171 என்று கோளாறு எண் வந்தது. "ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது" என்று மாற்றினார்கள். பல நாள் வருமானம் பறிபோயிற்று. மூன்றாம் நாள் அதே விளக்கு, அதே எண்! கடைசியில் தெருமுனை மெக்கானிக் கண்டுபிடித்தது என்ன? வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாய்!

கம்ப்யூட்டர் பொய் சொன்னதா? இல்லை. சென்சாரை மாற்று என்று பி0171 சொல்லவே இல்லை. "எஞ்சினில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு" என்றுதான் சொல்கிறது. அதைக் கண்டு அறிவித்ததே அந்தச் சென்சார்தான். திருடனைக் கண்டு குரைத்த நாயை அடித்து விரட்டிய கதை இது!

இந்த எண்ணில் மாயம் ஏதுமில்லை. 'பி' என்றால் எஞ்சினும் கியரும். அடுத்த 0, எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண் என்பதற்கு அடையாளம். அதற்கடுத்து 1 அல்லது 2 வந்தால் காற்றும் பெட்ரோலும்; 3 வந்தால் தீப்பொறி; 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு; 7 வந்தால் கியர்பெட்டி. எண் காட்டுவது நோவுள்ள இடத்தை. வாங்க வேண்டிய பாகத்தை அல்ல.

பி0171 வரக் காரணங்கள் பல: குழாய் வெடிப்பு, காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு, அடைத்த பெட்ரோல் பில்டர், தளர்ந்த பம்பு. எது என்று அறிய அதே கருவியில் வழி உண்டு. எஞ்சின் எவ்வளவு பெட்ரோல் கூட்டிக் கொடுக்கிறது என்பதை அது சதவீதமாகக் காட்டும். ஐடிலில் அதிகமாக இருந்து, வேகம் கூட்டினால் குறைகிறதா? காற்றுக் கசிவைத் தேடு! பாரம் ஏற ஏற அதிகமாகிறதா? பெட்ரோல் வரும் வழியைப் பார்! இதைச் செய்யாமல் பில் எழுதுவது வைத்தியமல்ல, வியாபாரம்.

ஒன்றை மறவாதீர்கள். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டுங்கள். விட்டு விட்டு மின்னினால் ஓரமாக நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கன்வெர்ட்டரைப் பொசுக்கிவிடும். பாட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பதால் நோய் தீராது, தடயம்தான் அழியும்.

அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் பொதுவான சொருகியும் பொது எண்களும் கட்டாயமாயின. புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் சாதாரண மெக்கானிக்குக்கும் கதவைத் திறந்தது. கம்பெனிகளோ மற்றக் கதவுகளைப் பூட்டின. மாசசூசெட்ஸ் மக்கள் 2012-ல் ஓட்டுப் போட்டுப் பழுது விவரங்களைப் பெறும் உரிமையை நிலைநாட்டினர். நம் நாட்டிலும் 2014 ஆகஸ்டில் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்தது! கம்பெனிகள் அப்பீலுக்கு ஓடின.

ஆகவே தோழர்களே, பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன எண் வந்தது? என்ன சோதனை செய்தாய்? கழற்றிய பாகம் எங்கே? பதில் சொல்லத் தெரியாதவனுக்குப் பில் எழுத என்ன உரிமை?