செயின் தேய்ந்தால் செலவு யார் தலையில்?

மரக்காணம் உப்பளப் பாதையில் விடியுமுன் நின்று பாருங்கள். தூக்குச் சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு தொழிலாளர்கள் சைக்கிளில் வருகிறார்கள். மிதிக்கும்போது 'கடக் கடக்' என்று செயின் பல் தாண்டுகிறது. பழுது பார்த்து ஓட்டுவதா, புதிது மாட்டுவதா? இந்தப் பாதையில் அன்றாடம் எழும் கேள்வி இது.

"இவர்களுக்குப் பொருளைக் காப்பாற்றத் தெரியாது. அடியோடு கெட்ட பிறகு முன்பணம் கேட்டு வந்து நிற்பார்கள்" என்று கூசாமல் உபதேசம் செய்கிறார்கள் சில கனவான்கள். அப்படியா சங்கதி? செயினைத் தின்றது யார் என்று பார்ப்போம்.

உப்பு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் செயினுக்குள் புகுந்து துருவாகிறது. துருவும் மணலும் சேர்ந்து ஒவ்வொரு பின்னையும் அரம்போல் அராவுகின்றன. செயின் நீண்டுவிட்டது என்கிறோமே, இரும்பு நீளவில்லை. பின்கள் தேய்ந்த இடைவெளிகளே கூடி நீளமாகத் தெரிகின்றன.

அளந்து பாருங்கள், தோழர்களே! ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்து 24 கண்ணிகளை எண்ணினால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். மாகாணி அங்குலம் கூடினால் எச்சரிக்கை. அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, கூடினால் கழற்றிவிட வேண்டும். அதற்கு மேலும் ஓட்டினால், நீண்ட செயின் ஃப்ரீவீலின் பற்களையும் செயின்வீலின் பற்களையும் தின்றுவிடும். பிறகு புதுச் செயின் மாட்டினாலும் பழைய பல்லில் நில்லாது. ஒன்றுக்குப் போக வேண்டிய காசு மூன்றுக்குப் போகும்.

கண்ணியை வெட்டிக் குறுக்குவதும், பின்சக்கரத்தைத் தள்ளி முடுக்குவதும் தொய்வைப் போக்கும், தேய்வைப் போக்காது. அரிவாள் மழுங்கினால் கொல்லர் மறுபடி தட்டித் தருவார், அதில் இரும்பு மிச்சம் இருக்கிறது. தேய்ந்த பின்னில் எதைத் தட்டுவது? ஆகவே நம் முடிவு தெளிவானது: ஃப்ரீவீலில் பால்ஸ் போனால் பால்ஸை மாற்று, கண்ணி இறுகினால் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விடு, செயின் தேய்ந்தால் காலத்தில் மாற்று!

இது தொழிலாளிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கையில் காசு இல்லை, அதுதான் விஷயம். ஐப்பசி மழையில் அளம் மூழ்கி வேலை நிற்கிறது. சைக்கிளோ குடிசை ஓரத்தில் துருப்பிடிக்கிறது. மழைக்கால நிவாரணமாக 2021இல் மாநில அரசு அறிவித்த 5,000 ரூபாய் அடுப்புக்கே காணாது. மழை ஓய்ந்து வேலை தொடங்கும் நேரத்தில்தான் செயின் தேவை. அப்போதுதான் கை வெறுங்கை. சிக்கனம் தெரியாததால் அல்ல, கூலி போதாததால்தான் ஏழை ஒன்றுக்கு மூன்றாகக் கொடுக்கிறான்.

ஆலைத் தோழர்களே! ரிங் பிரேமில் டிராவலர் தேய்ந்தால் உங்கள் கூலியிலா பிடிக்கிறார்கள்? கம்பெனி கணக்கில் மாற்றுகிறார்கள். இயந்திரத் தேய்மானத்துக்கு வருமான வரியிலும் கழிவு உண்டு. ஆனால் தொழிலாளியை அளத்துக்குக் கொண்டு சேர்க்கும் சைக்கிள் தேய்ந்தால், அது அவன் சொந்த விவகாரமாம்! என்னே நியாயம்!

"வீட்டிலிருந்து வருவது உன் பாடு" என்பார்கள். நாட்டின் உச்ச நீதிமன்றமே அந்த வாதத்தை அடித்துப் போட்டுவிட்டது. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003இல், அதிகாலை 3 மணி வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் மாண்டார். வேலைக்கும் பயணத்துக்கும் தொடர்பு இருந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்தே என்று 2025 ஜூலையில் தீர்ப்பு வந்தது. நீதி வர 22 ஆண்டுகள்!

இருட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிகள் பறக்கும்போது, பல் தாண்டிய செயினால் ஒருவர் விழுந்தால் அது யார் குற்றம்? பாதை வேலையைச் சேர்ந்தது என்றால், அந்தப் பாதையில் ஓடும் சைக்கிளும் வேலைக் கருவிதான்.

எனவே நாம் கேட்பது தானம் அல்ல. சீசன் தொடங்கும்போதே சைக்கிள் பராமரிப்புப் படி வேண்டும். வேலை முடிந்ததும் உடம்பையும் சைக்கிளையும் கழுவ, அளத்திலேயே நல்ல தண்ணீர் வேண்டும். வழியில் நேரும் விபத்துக்கு, 22 ஆண்டு இழுத்தடிக்காமல் நஷ்டஈடு வேண்டும்.

தனித்தனியே முன்பணம் கேட்டு நின்றால் உபதேசம்தான் கிடைக்கும். சேர்ந்து கேட்போம், கணக்குக் கேட்போம்!