சொல்ல மறுத்தால் பொய்யா?

முதுகலை வகுப்பில் துர்க்கெம் படித்தேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் மதத்தில் புனிதம் ஆண்களுடையது, பெண்கள் அதற்கு வெளியே என்று தேர்விலும் எழுதினேன். 1912இல் அந்த நூலை வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர் நம்பியிருந்த களக்குறிப்புகள் பெரும்பாலும் ஆண்கள் ஆண்களிடம் கேட்டு எழுதியவை. பெண்களுக்கென்று தனிச் சடங்குகள் உண்டு என்று ஃபிலிஸ் கேபரி 1939இலேயே எழுதிவிட்டார். அவர் பெயர் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

பாடத்திட்டத்தில் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஹிண்ட்மார்ஷ் தீவைப் பார்க்கட்டும்.

அந்தத் தீவுக்குப் பாலம் கட்டுவதை நாரிஞ்ஜெரி இனப் பெண்கள் சிலர் எதிர்த்தார்கள். அந்த இடம் பெண்களின் புனித அறிவுக்கு உரியது, அதை ஆண்களிடம் சொல்லக் கூடாது என்றார்கள். டோரீன் கார்டினியெரி முதலானோர் சொன்னவை, பெண்கள் மட்டும் படிக்கவேண்டும் என்று குறித்த உறைகளில் மத்திய அமைச்சருக்குப் போயின. ஆண் என்பதால் அவர் அவற்றைப் படிக்காமலே 1994இல் பாலத்துக்குத் தடை விதித்தார். அவரே படிக்கவில்லை என்பதைக் காரணம் காட்டி மறு ஆண்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பெண்கள் காத்த விதியே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

அதே 1995இல் விசாரணை ஆணையம் ஒன்று, இது முழுக்கக் கட்டுக்கதை என்று தீர்ப்புச் சொன்னது. முந்தைய மானிடவியல் நூல்களில் இப்படி ஒன்று இல்லையாம். தாங்கள் கேள்விப்பட்டதில்லை என்று அதே இனப் பெண்கள் சிலரும் சொன்னார்கள். சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்திருந்தால் அது இரகசியமா? பெண்கள் சொல்லாததால் நூலில் இல்லை, நூலில் இல்லாததால் பெண்கள் சொல்வது பொய். இதற்குப் பெயர் ஆய்வா?

2001இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி ஒருவர், இது கட்டுக்கதை என்பதை ஏற்க முடியாது என்றார். அதற்குள் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. 2010இல் மாநில அரசும் அந்தப் பெண்களின் பக்கம் உண்மை இருந்ததை ஒப்புக்கொண்டது. பாலம் அங்கேயேதான் நிற்கிறது.

களப்பணிக்குக் கிளம்பும் தோழிகளே, குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். யாரிடம் கேட்கவில்லை, யார் சொல்ல மறுத்தார்கள் என்று அதில் எழுதுங்கள். மறுத்தவர்களை வற்புறுத்தாதீர்கள். எழுதாமல் விட்டதை இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அன்று தேர்வில் நான் எழுதியது அதுதான். முழு மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.