படம் பேச வைக்க வேண்டும்

ஆங்கில வகுப்பில் படத்தைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். படத்தோடு பெயரைக் கற்பிப்பது பழைய வழக்கம்தான்: 1658-இல் நூரெம்பெர்க்கில் வெளிவந்த, கல்வியாளர் கொமேனியஸின் படப் பாடநூல், எண்ணிட்ட படங்களோடு லத்தீன், ஜெர்மன் சொற்களை இணைத்தது. பொருளின் பெயரை அறிய அது அருமையான வழி. உரையாடலுக்கோ, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும்.

சிறு வேறுபாடுகள் கொண்ட இரு படங்களை இரண்டு மாணவர்களிடம் கொடுத்து, ஒளித்து வைத்துப் பேசச் சொல்லும் பயிற்சி இதனால்தான் பலிக்கிறது. பேருந்து நிறுத்தம்; ஒரு படத்தில் பாட்டியின் கையில் குடை, மற்றதில் கூடை. “டஸ் ஷி ஹேவ் அன் அம்ப்ரெல்லா?” என்று கேட்காமல் விடை கிடைக்காது. தயங்கும் பிள்ளையும் வாய் திறந்தாக வேண்டும்.

கதை பாதியில் நிற்கும் படம் இன்னும் நல்லது. திறந்த கதவு, கவிழ்ந்த பால் செம்பு, ஆள் யாரும் இல்லை. ஊகிக்கத் தொடங்கியதும் ‘மே’, ‘மைட்’ போன்ற சொற்கள் இயல்பாகத் தேவைப்படுகின்றன.

தேவையான ஐந்தாறு சொற்களை முன்பே கரும்பலகையில் எழுதிவிடலாம். நடுவில் திருத்தினால் பேச்சு அறுந்துவிடும். பிழைகளைக் குறித்துவைத்துக் கடைசியில் விளக்குவதே முறை.